புகையாத பன்னிரண்டு அடுப்படிகள்

"எவ்வளவும்மா?"

"ஆறு சார்."

"அறுநூறா?"

"இல்ல சார். ஆறு. வெறும் ஆறு."

போனின் மறுமுனையில், பெரியகுளத்து ஆபீசில், தலைக்கு மேல் ஃபேன் சுற்றினாலும், திட்ட அலுவலர் ஞானசிகாமணிக்கு இந்நேரம் நெற்றியில் வியர்வை அரும்பியிருக்கும் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும்.

"ஏம்மா, மேகமலை உச்சியில கொண்டுபோய் வச்சாக்கூட பத்து காட்டுமே! விறகு எரியிற அடுப்படியில ஆறு எப்படிம்மா வரும்? மீட்டரை எங்க மாட்டியிருக்க, கிணத்துக்குள்ளயா?"

"அடுப்படியிலதான் சார். முருகம்மா பெரியம்மா வீட்டு அடுப்படியில நின்னுக்கிட்டுதான் பேசுறேன்."

சுவரில் ஆணியடித்து மாட்டியிருந்த வெள்ளைப் பெட்டியை மறுபடியும் பார்த்தாள். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். காற்றில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத புகைத்தூளை எண்ணிச் சொல்லும் மீட்டர். சிவப்பு எழுத்தில் ஆறு என்று சிரித்துக்கொண்டிருந்தது.

மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் ஜெசிந்தாவின் ஊரில், கிழக்குத் தெருவில் பன்னிரண்டு வீடுகளுக்குத் திட்டத்தில் புது அடுப்பு கொடுத்திருந்தார்கள்; கணக்கெடுப்பது அவள் வேலை. இரும்பு டப்பா மாதிரி இருக்கும். அடியில் சின்ன ஃபேன் சுற்றும். அது ஊதுகிற ஊதலில் விறகு புகையாமல் எரியும் என்பது ஏற்பாடு. கேஸ் சிலிண்டர் எல்லார் வீட்டிலும் இருக்கத்தான் செய்தது. ஆனால் விற்கிற விலைக்கு அதை விருந்தாளிக்கு என்று ஒதுக்கிவிட்டு, சோறும் குழம்பும் விறகிலேயே நடந்துகொண்டிருந்தது.

பழைய அடுப்பில் சமைக்கும்போது மீட்டர் ஐந்நூறு, அறுநூறு என்று எகிறும். புது அடுப்பு அதை நூறுக்கு இறக்கினாலே ஆபீசில் லட்டு கொடுப்பார்கள். இங்கே ஆறு. ஒரு வீட்டில் அல்ல, பன்னிரண்டு வீட்டிலும். இன்றைக்கு மட்டுமல்ல, மீட்டர் மாட்டிய நாளிலிருந்து ஐந்து நாளாக.

"இங்க பாரும்மா," என்றார் ஞானசிகாமணி, குரலைத் தாழ்த்தி. "இந்த இருபது நாள் கணக்கு ஒழுங்கா வந்தா நீ சூப்பர்வைசர். நிரந்தர வேலை. நம்புற மாதிரி வரலைன்னா முப்பதாம் தேதியோட திட்டமும் முடிஞ்சது, உன் வேலையும் முடிஞ்சது. அடுப்பையெல்லாம் வண்டியில ஏத்திருவாக. புரியுதா?"

புரிந்தது. புரியாமல் என்ன? கணவன் மிக்கேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் டிரைவர். ஜீப் கூரை மேல் ஏறித் தார்ப்பாய் கட்டும்போது வழுக்கி விழுந்து, வலது காலில் மாவுக்கட்டோடு ஒரு மாதமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். இவள் சம்பளத்தில்தான் உலை கொதிக்கிறது.

"பெரியம்மா, இந்த மிசின் மேல எதையாச்சும் போட்டு மூடுனிகளா?"

முருகம்மாளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் ஏன்த்தா மூடுறேன்? பல்லி எச்சம் போட்டுறக் கூடாதேன்னு பால் வடிகட்டுற துணிய மட்டும் மேலாப்புல போட்டேன். அது மூடுறதா?"

ஜெசிந்தாவுக்கு உயிர் வந்தது. காரணம் கிடைத்துவிட்டது! அன்றைக்கே பன்னிரண்டு வீட்டுக்கும் போய், துணி, பிளாஸ்டிக் பை, ஒரு வீட்டில் குழந்தையின் குல்லா என்று மீட்டர் மேல் இருந்ததையெல்லாம் உருவினாள். ஆணிகளைப் பிடுங்கி, அடுப்புக்கு ஒரு கை தூரத்தில், உட்கார்ந்து சமைக்கிறவரின் மூக்கு உயரத்துக்கு மாற்றி அடித்தாள்.

இரண்டு நாள் கழித்துக் கணக்கெடுத்தாள்.

"இப்ப எவ்வளவு?"

"அஞ்சு சார்."

"ஏம்மா! பக்கத்துல வச்சா கூடணும்மா!"

"கூடலையே சார். கொறையுது."

அடுப்பை நெருங்க நெருங்கக் காற்று சுத்தமாகிறது என்று எந்த வாயால் சொல்வது? ஆனால் அந்த எண்ணைப் பார்க்கப் பார்க்க அவளுக்குள் ஏதோ ஒன்று சிலிர்த்தது. ஒருவேளை உண்மையாகவே இருந்தால்? இந்தப் பள்ளத்தாக்கின் ஒரு மூலையில், இவள் கொண்டுவந்து இறக்கிய தகர டப்பாவில், உலகம் பார்க்காத ஒன்று நடந்துகொண்டிருந்தால்?

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தவளுக்கு இரண்டாவது அதிசயம் காத்திருந்தது.

மொச்சைக் குழம்பு. கருவாட்டுக் குழம்பு. கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. கீரைக் கடைசல். முருங்கைக்காய் சாம்பார். தவிர ஒரு ரசம்.

"என்னங்க இது? நேத்து அஞ்சு, இன்னைக்கு ஆறா?"

மிக்கேல் கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டியபடி அடக்கமாகச் சிரித்தான். "பொழுது போகல ஜெசி. யூடியூப்ல பாத்து பாத்துச் செஞ்சேன்."

"ஒத்தக் கால்லயா?"

"ஒத்தக் கால்ல நின்னாதான் தவம் பலிக்கும்."

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் வெந்நீர் வைக்கச் சொன்னால் எந்தப் பாத்திரத்தில் என்று கேட்ட மனிதன். ஜெசிந்தா ஒவ்வொரு குழம்பாக விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கை. ஒன்றில் மிளகு தூக்கல், ஒன்றில் புளி தூக்கல், ஒன்றில் தேங்காய் பட்டுப்போல் அரைபட்டிருந்தது.

"இந்த மொச்சை அப்படியே கிழக்குத் தெரு நாகஜோதி வைக்கிற மாதிரியே இருக்குங்க!"

மிக்கேலுக்குப் புரையேறியது. "அவகிட்டதான் பக்குவம் கேட்டேன். போன்ல."

"கண்ணெல்லாம் செவந்து கெடக்கே?"

"வெங்காயம்."

ஜெசிந்தா அவன் தலையைக் கோதிவிட்டாள். எனக்காக ஒரு மனுஷன் ஒற்றைக் காலில் நின்று கண் கலங்க வெங்காயம் வெட்டியிருக்கிறான். அன்றைக்கு இரண்டு ஜெபம் கூடுதலாகச் சொன்னாள்.

ஆனால் ஞானசிகாமணியை ஜெபத்தால் சமாளிக்க முடியாது. "சமைக்கிற நேரத்துக்குத் திடீர்னு போய் நில்லும்மா. கண்ணால பாத்து எழுது," என்று உத்தரவு வந்தது.

மறுநாள் வழக்கம்போல் ஏழரை பஸ்ஸில், திட்டத்தின் இன்னோர் ஊரான கடமலைக்குண்டுக்குக் கிளம்புகிற மாதிரிக் கிளம்பினாள். சின்னமனூரில் இறங்கி, அங்கேயே சுற்றிவிட்டு, மத்தியானம் பன்னிரண்டரைக்கு ஊருக்குத் திரும்பி, நேராக முருகம்மாள் வீட்டு அடுப்படியில் போய் நின்றாள்.

முருகம்மாள் அப்போதுதான் சோற்றுப் பானையைத் தலைச்சும்மாடோடு கீழே இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஜெசிந்தாவைப் பார்த்ததும் சும்மாட்டை முந்தானைக்குள் செருகினாள்.

"எங்க பெரியம்மா போயிட்டு வாரீக?"

"எங்கயும் போகலையே. சோத்த எறக்குனேன்."

பானை மூடியைத் திறந்தாள் ஜெசிந்தா. ஆவி முகத்தில் அடித்தது. பக்கத்தில் குழம்புச் சட்டி இன்னும் தளதளவென்று கொப்புளித்துக்கொண்டிருந்தது. ஆக, சமையல் நடந்திருக்கிறது! மீட்டரைப் பார்த்தாள். ஐந்து.

புது அடுப்பின் மேல் உள்ளங்கையை வைத்தாள். குளத்துத் தண்ணீர் மாதிரி ஜில்லென்று இருந்தது.

"பெரியம்மா, அடுப்பு ஆறிப்போயி கெடக்கு?"

முருகம்மாள் ஒரு கணம் அடுப்பைப் பார்த்தாள், ஒரு கணம் கூரையைப் பார்த்தாள். "அதுக்குள்ளதான் ஃபேன் இருக்குல்லத்தா? அணைச்சதும் ஃபேனு ஊதி ஆற வச்சிருது."

"சாம்பலையும் காணோம்?"

"அதையும் அதுவே ஊதிருது."

 யோசித்துப் பார்த்தால் ஜெசிந்தாவுக்கு அதில் ஒரு நியாயம் இருப்பதாகவே பட்டது. நோட்டை எடுத்து எழுதினாள்: 'அணைத்த இரண்டு நிமிடத்தில் முழுவதும் குளிர்கிறது. சாம்பல் தங்குவதில்லை.'

பசித்தது. இவ்வளவு தூரம் வந்தாயிற்று, வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுப் போகலாமே என்று மிக்கேலுக்குப் போன் போட்டாள்.

"வராத வராத!" என்று அலறினான் அவன். பின்னால் ஏதோ பாத்திரம் உருண்டது. "கொசு தாங்கலைன்னு நொச்சித்தழையைப் போட்டுப் புகை மூட்டியிருக்கேன். வீடு பூரா புகை. சுத்தமான காத்துக்கு வேலை பாக்குறவ நீ இதுக்குள்ள வந்து நிக்கலாமா? ஊர் என்ன சொல்லும்?"

எவ்வளவு அக்கறை! ஜெசிந்தா நெகிழ்ந்துபோய் அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள்.

அந்த இரண்டு வரி அறிக்கை பெரியகுளத்தில் வெடித்தது. புகை இல்லை, சூடு தங்கவில்லை, சாம்பலும் இல்லை. ஞானசிகாமணி அதை மூன்று முறை படித்துவிட்டு, பயந்துபோய் மேலே அனுப்பினார். மேலே இருந்தவர்கள் இன்னும் மேலே அனுப்பினார்கள். மூன்றாம் நாள் ஜெசிந்தாவுக்குத் திருவனந்தபுரத்திலிருந்து போன் வந்தது.

"ஞான் டாக்டர் ஷெரின். பதினெட்டு வருஷமா அடுப்புப் புகையை மட்டும் படிக்கிறேன். இங்ஙனெ ஒரு அடுப்பு ஞான் கண்டிட்டில்லா. எனிக்கு சாம்பல் வேணும். கொஞ்சமாவது வேணும். பன்னிரண்டு வீட்டிலேயும்."

சாயங்காலம் அதை மிக்கேலிடம் சொல்லிப் புலம்பினாள். "இல்லாத சாம்பலுக்கு நான் எங்கங்க போவேன்?"

"கவலைப்படாத," என்றான் மிக்கேல், ஈரல் வறுவலை மென்றபடி.

காலையில் கதவைத் திறந்தால் வாசல் படியில் பன்னிரண்டு பொட்டலம்! ஒவ்வொன்றிலும் வீட்டுக்காரர் பேரோடு சீட்டு. முருகம்மாள், நாகஜோதி, மகாலட்சுமி...

"நான் இன்னும் யார்கிட்டயும் கேக்கவே இல்லையே!"

"நான்தான் எல்லாத்துக்கும் போன் போட்டேன். மூலையில ஒட்டியிருந்ததச் சொரண்டிக் குடுத்திருக்காக."

மனைவிக்கு ஒரு வேலை என்றால் மனுஷன் படுத்த இடத்திலிருந்தே ஊரை ஆட்டி வைக்கிறான். ஜெசிந்தா பார்சலைக் கட்டி அனுப்பினாள்.

ஐந்தாம் நாள் ஷெரினிடமிருந்து மறுபடி போன் வந்தது. "ஜெசிந்தா, பன்னிரண்டு வீடு. பன்னிரண்டு பேர் விறகு. எல்லாச் சாம்பலும் ஒரே மாதிரி! ஒரே தென்னமட்டை, ஒரே முருங்கைக் கட்டை, ஒரே அளவு. ஒரே அடுப்பில் அள்ளினது போலே. எந்தா இது? ஞான் நேரா வருந்நு. வியாழக்கிழமை நாலு மணிக்கு. ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டா."

ஜெசிந்தா ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. கணவன் என்ன ஊரா? அவனிடம் மட்டும் சொன்னாள்.

மிக்கேல் ரசக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "நாலு மணிக்கா? நிச்சயமா நாலு மணிக்குத்தானா?"

"நாலுதான்."

"அப்ப சரி. மத்தியானத்துக்குள்ள முடிச்சிரலாம்."

"எதை?"

"சாப்பாட்டை."

வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்கே ஆபீஸ் கார் ஜெசிந்தாவைப் போனில் வரவழைத்து, சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் ஏற்றிக்கொண்டது. முன் சீட்டில் ஞானசிகாமணி. பின் சீட்டில், வெள்ளை முடியும் கான்வாஸ் ஷூவுமாக ஷெரின்.

"மேடம், நாலு மணின்னு..."

"நாலு மணி பறஞ்சால் எல்லாரும் ரெடியாயிருக்கும் அல்லே? அதனாலதான் இப்போ."

கிழக்குத் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. ஆடிக் காற்று மட்டும் தென்னை ஓலைகளைப் போட்டு அடித்துக்கொண்டிருந்தது. பன்னிரண்டு வீட்டிலும் கதவு சும்மா சாத்தியிருந்தது. மூவரும் ஒவ்வோர் அடுப்படியாக எட்டிப் பார்த்தார்கள். ஆள் இல்லை. சிவப்பு எழுத்தில் ஐந்து. ஐந்து. நான்கு. ஐந்து.

முருகம்மாள் வீட்டில் ஷெரின் குனிந்து அடுப்பைத் தூக்கினார். அடியைத் திருப்பினார். ஃபேன் வாயில், பார்சலில் வரும்போது செருகிய அட்டை அப்படியே இருந்தது.

அவர் அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கேயும் அட்டை. அதற்கடுத்த வீட்டிலும் அட்டை.

"ஜெசிந்தா," என்றார் மெதுவாக. "இந்த அடுப்பு ஒரு நாளும் எரிஞ்ஞிட்டில்லா."

ஞானசிகாமணி வாசல்படியில் அப்படியே உட்கார்ந்தார். "போச்சு. பதினெட்டு நாள். மேலிடம் வரைக்கும் அனுப்பியாச்சு. போச்சு."

ஜெசிந்தாவுக்கு முப்பதாம் தேதி கண்முன் வந்து நின்றது. கட்டுப் பிரிக்காத கால். காலி அரிசி டின்.

"பட்சே, ஆனா," என்று விரலை உயர்த்தினார் ஷெரின். "பன்னிரண்டு குடும்பம் பதினெட்டு நாளாப் பட்டினி கிடக்காது. எங்கேயோ சமைக்கிறாங்க. எங்கே?"

தோள்பையிலிருந்து கைமீட்டர் ஒன்றை எடுத்து உயிர்ப்பித்தார். தெருவில் நின்றபோது எட்டு. மேற்கே நாலு அடி வைத்ததும் இருபது. ஷெரின் நாட்டு வைத்தியர் நாடி பிடிப்பதுபோல் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மாதா சிலை வைத்த கெபித் திருப்பத்தில் தொண்ணூறு. தென்னந்தோப்பு ஓரத்தில் இருநூற்றுப் பத்து.

 இந்தச் சந்து ஜெசிந்தாவுக்கு நன்றாகத் தெரிந்த சந்து.

நானூற்று எண்பது.

அந்த நீல கேட்டும் தெரிந்த கேட்.

தொள்ளாயிரம்.

"இது யார் வீடு?" என்றார் ஷெரின், இருமிக்கொண்டே.

ஜெசிந்தா தன் வீட்டுக் கதவைத் தள்ளினாள். அடுப்படியைத் தாண்டிப் பின்பக்கம் போனாள். காலியாகக் கிடந்த மாட்டுக்கொட்டத்தின் தட்டியை விலக்கினாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. வெறும் புகை. ஓட்டு இடுக்கு வழியே விழுந்த வெயில், தூண் தூணாக, கையால் பிடித்துவிடலாம் என்கிற மாதிரி நின்றது. அப்புறம் அதற்குள்ளிருந்து நெருப்புகள் தெரிந்தன. மும்மூன்று கல் கூட்டிய பன்னிரண்டு அடுப்பு. பன்னிரண்டு பானை. முந்தானையால் மூக்கை மூடிய பன்னிரண்டு பெண்கள். நடுவில், பிளாஸ்டிக் நாற்காலியில், கட்டுப்போட்ட காலை உரல் மேல் நீட்டி, ஈரத்துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு, கையில் கரண்டியோடு மிக்கேல்.

"மகாலட்சுமி, இன்னும் ஒரு கல்லு உப்பு கூடப் போடு," என்று சொல்லிக்கொண்டிருந்தவன் மனைவியைப் பார்த்தான். கரண்டி கீழே விழுந்தது.

ஷெரினின் கையில் மீட்டர் ஆயிரத்து அறுநூற்று நாற்பது காட்டியது.

"நாலு மணின்னுல்ல சொன்ன?" என்றான் மிக்கேல்.

 குழம்புகள் மட்டும் கொதித்தன. கடைசியில் முருகம்மாள்தான் எழுந்து வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கோவிச்சுக்காதத்தா. மிசினுல புகை பட்டுச்சுன்னா ஒனக்கு வேலை போயிருமாம்ல? ஒத்தப் பொம்பள சம்பாத்தியம். எங்க அடுப்பால அது போகணுமா? அதான் அங்கன ஒரு குச்சியக்கூடப் பத்தவைக்கல. ஒனக்காக ஆக்குறத ஒன் வீட்டுலயே ஆக்கிருவோம்னு வந்துட்டோம்."

"பதினெட்டு நாளாவா பெரியம்மா?"

"மூணு வேளையும்லத்தா! காப்பித்தண்ணி கூட நீ பஸ் ஏறுன பெறகுதான். ராத்திரிக்கும் சேத்து மத்தியானமே ஆக்கிருவோம்."

ஜெசிந்தா அந்தப் புகை முழுவதையும், அதற்குள் உட்கார்ந்திருந்த முகங்கள் முழுவதையும் பார்த்தாள். இவளுக்கு மீட்டர் நல்ல எண் காட்ட வேண்டும் என்று, பன்னிரண்டு பேர் கொதிக்கிற பானையைத் தலையில் வைத்து வெயிலில் நடந்திருக்கிறார்கள். திட்ட வாய் வரவில்லை.

ஞானசிகாமணிக்குத்தான் வந்தது. "எல்லாக் கணக்கும் பொய்யாம்மா! பதினெட்டு நாளும் குப்பை!"

"குப்பையா?" ஷெரின் திரும்பினார். அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது, புகையோ வேறெதுவோ. "மிஸ்டர் ஞானசிகாமணி, சமைக்காமல் இருங்கள் என்று ஒரு தெருவை நமக்குக் கேட்க முடியுமா? ஒரு நாள்? ஒரு வேளை? லோகத்தில் யாரும் இருக்காது. இவங்க பதினெட்டு நாள் இருந்திருக்காங்க. நெருப்பே இல்லாத பன்னிரண்டு அடுப்படி! ஐந்து என்பது பொய்யில்லை. அது இந்தப் பள்ளத்தாக்கோட சொந்தக் காற்று. இவங்களுக்கு உரிமைப்பட்ட காற்று. இது," என்று மீட்டரைத் தூக்கிக் காட்டினார், "இவங்க குடிக்கிற காற்று."

ஐந்து. ஆயிரத்து அறுநூற்று நாற்பது. நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது ஜெசிந்தாவுக்கு உடம்பு புல்லரித்தது.

"ஒரு புது அடுப்பு கொண்டு வரூ," என்றார் ஷெரின்.

நாகஜோதி ஓடிப்போய்த் தூக்கி வந்தாள். மற்ற நெருப்பையெல்லாம் தண்ணீர் தெளித்து அணைத்தார்கள். தட்டிகளைத் தூக்கிக் கட்டினார்கள். ஆடிக் காற்று உள்ளே புகுந்து புகையை வாரிக்கொண்டு போயிற்று. அட்டையை உருவி, முருங்கைக் குச்சியை நறுக்கிப் போட்டு, முருகம்மாளே பற்ற வைத்தாள். ஃபேன் மெல்ல உறுமியது. நெருப்பு வட்டமாக, பூ விரிகிற மாதிரி மேலெழுந்தது. அவள் பழக்கத்தில் கண்ணை இடுக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். அப்புறம் சந்தேகத்தோடு ஒரு கண்ணைத் திறந்தாள்.

"ஏத்தா நாகஜோதி," என்றாள் குரல் இறங்கிப்போய். "அடுப்புக்கு அங்கிட்டு நிக்கிற ஒன் மூஞ்சி தெரியுதுடி."

மீட்டர் அறுபத்திரண்டு காட்டியது. பன்னிரண்டு பேரும் கோயில் நடை திறந்ததுபோல் சுற்றி நின்று பார்த்தார்கள்.

"இதையா பதினெட்டு நாளா மூலையில போட்டு வச்சிருந்தோம்?" என்றாள் மகாலட்சுமி.

ஷெரின் நோட்டை மூடினார். "நாளை முதல் இன்னும் இருபது நாள். எல்லாரும் சொந்த வீட்டில், சொந்த அடுப்பில். இதை நடத்த ஜெசிந்தா தன்னே வேணும். வேறு யாருக்கு வேண்டி ஒரு தெரு இத்தனை பாடு படும்? சூப்பர்வைசர் ஆர்டர் இன்னைக்கே போடணும்."

ஞானசிகாமணி கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார்.

கார் போனது. பெண்கள் பானை சட்டிகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். கொட்டத்தில் மிக்கேலும் ஜெசிந்தாவும் மட்டும் நின்றார்கள். அவன் முகத்தைச் சுற்றியிருந்த துண்டை அவள் மெல்ல அவிழ்த்தாள். கண் இரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி இருந்தன.

"வெங்காயம்னு சொன்னீகளே!"

"உன்கிட்ட வேற என்னத்தச் சொல்ல?"

"ஒடிஞ்ச காலோட, எனக்காக, பதினெட்டு நாளா இந்தப் புகையில உக்காந்தீகளா?"

மிக்கேல் கூரையைப் பார்த்தான். தியாகிகளுக்கே உரிய ஒரு பெருமூச்சு விட்டான். "உன் வேலைதான் ஜெசி எனக்கு முக்கியம். என் நெஞ்சு கெட்டா கெட்டுப் போகட்டும்."

ஜெசிந்தா, இப்படிப்பட்ட ஒரு மனிதனோடா ஒன்பது வருஷம் வெந்நீருக்காகச் சண்டை போட்டோம் என்று தன்னையே நொந்துகொண்டாள். அவன் தோளில் சாயப் போனாள்.

தட்டியை விலக்கிக்கொண்டு நாகஜோதி மறுபடி எட்டிப் பார்த்தாள்.

"யக்கா, வீட்டுக்கு ஒரு கிண்ணம் சாம்பிள் கொழம்பு தெனம் குடுத்தாகணும்னு ஆபீசு ரூலாம், கால் ஒடிஞ்சதுல வீடு வீடா வந்து வாங்க முடியலைன்னுதான அண்ணன் எங்க எல்லாரையும் இங்கனயே வந்து ஆக்கச் சொன்னாக... நாளையிலருந்து அந்தக் கிண்ணத்த நாங்க எங்கன கொண்டாந்து குடுக்கணும்?"